விசாரணை அறையிலிருந்து வந்த நாற்காலி

உட்காருவதற்குச் சுகமான நாற்காலி அது. அலுமினியச் சட்டம், அதன்மேல் பகுதி பகுதியாகத் தைத்த கறுப்புத் தோல் மெத்தைகள், இரு பக்கமும் கை வைத்துக்கொள்ள இடம். பெரிய கம்பெனியின் மேலதிகாரி ஒருவர் மத்தியான வேளையில் சற்றே சாய்ந்துகொள்ள வாங்கிப்போடும் ரகம். பிரிட்டனில் இருபத்தைந்து ஆண்டுக் காலம் அதில் போய் உட்காரப் படித்தவர்களெல்லாம் பயந்தார்கள். பயந்துகொண்டே வரிசையில் நின்று விண்ணப்பமும் போட்டார்கள்.

பிபிசியின் 'மாஸ்டர்மைண்ட்' வினாடி வினா நிகழ்ச்சியின் நாற்காலி அது. அங்கே 'கறுப்பு நாற்காலி' என்று சொன்னால் போதும், எந்த நாற்காலி என்று யாரும் கேட்பதில்லை. அறிவுப் போட்டி நிகழ்ச்சிகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பரிசுத் தொகையைப் பற்றித்தான் பேச்சு போகிறது. எனக்கு அந்த நாற்காலியின் கதையைச் சொல்லத் தோன்றுகிறது. அது எங்கே பிறந்து, எந்தப் பயத்தைச் சுமந்து, யாரையெல்லாம் தாங்கி, கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதில் ஒரு மனிதர் தன் காயத்தை என்ன செய்தார் என்ற கதையும் இருக்கிறது.

பிறப்பு அமெரிக்காவில். சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற வடிவமைப்பாளர் தம்பதி, ஹெர்மன் மில்லர் என்ற நிறுவனத்துக்காக 1958இல் அலுமினியச் சட்டம் போட்ட நாற்காலி வரிசை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 1969இல் அதே சட்டத்தின்மேல் தடித்த மெத்தைகளைத் தைத்துச் சேர்த்தார்கள். நம் கதாநாயகன் இந்த இரண்டாவது வரிசையைச் சேர்ந்தவன். ஈம்ஸ் தம்பதி நமக்கு அந்நியர்கள் அல்ல. அதே 1958இல் இந்திய அரசின் அழைப்பின் பேரில் இங்கே வந்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தவர்கள். அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானதற்கு அந்த அறிக்கைதான் வித்து. இந்தியாவில் தாங்கள் பார்த்த பொருள்களிலெல்லாம் அவர்கள் வியந்து வியந்து எழுதியது எதைப் பற்றித் தெரியுமா? செம்பைப் பற்றி. நம் கிணற்றடியிலும் பூசையறையிலும் கிடக்கும் அதே செம்பு. நிறைந்திருக்கும்போது எப்படி நிற்கிறது, காலியாக இருக்கும்போது எப்படி நிற்கிறது, கைக்கு எப்படி அடங்குகிறது, தண்ணீரை எப்படி ஊற்றுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போனார்கள். இதைத் தனியொருவர் வடிவமைத்திருக்க முடியாது, தலைமுறை தலைமுறையாகப் பலர் கைபட்டு வந்தது என்றும் சொன்னார்கள். உடம்போடு ஒரு பொருள் எப்படிப் பொருந்த வேண்டும் என்று இவ்வளவு யோசித்தவர்கள் செய்த நாற்காலியில்தான் ஒரு தொலைக்காட்சிக்காரர் பயத்தைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்.

அவர் பெயர் பில் ரைட். பிபிசியில் தயாரிப்பாளர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் போர் விமானத்தின் துப்பாக்கியை இயக்கியவர். ஜெர்மானியர்களிடம் பிடிபட்டுப் போர்க் கைதியானார். கெஸ்டாபோ என்ற நாஜி ரகசியப் போலீஸ் அவரை விசாரித்தது. பிடிபட்ட சிப்பாய் எதிரியிடம் சொல்ல வேண்டியது தன் பெயர், பதவி, எண் ஆகியவற்றை மட்டும்தான். அதற்குமேல் வாய் திறக்கக் கூடாது என்பது படையில் சொல்லிக் கொடுத்த பாடம். எதிரே இருப்பவர்களோ அதற்குமேல் சொல்ல வைப்பதற்காகவே உட்கார்ந்திருப்பவர்கள்.

போர் முடிந்து ஊர் திரும்பிய பின்னும் அந்த அறை அவரை விட்டுப் போகவில்லை. ஆண்டுகள் பல கழித்து, புதிதாக ஒரு வினாடி வினா நிகழ்ச்சி வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, அவர் தன் நினைவிலிருந்து எடுத்துக் கொடுத்தது அந்த அறையைத்தான். இருட்டு. நடுவில் தனியாக ஒரு நாற்காலி. அதன்மேல் மட்டும் விழும் வெளிச்சம். முகம் சரியாகத் தெரியாத ஒருவர் விடாமல் கேட்கும் கேள்விகள். பெயர், பதவி, எண் என்ற மூன்றும் பெயர், தொழில், தேர்ந்தெடுத்த பாடம் என்று மாறின. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

தமிழில் 'விசாரிப்பது' என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். காவல் நிலையத்திலும் அதே சொல். ஊரிலிருந்து வந்தவரைத் திண்ணையில் உட்கார வைத்து, அம்மா எப்படி இருக்கிறார், மழை பெய்ததா என்று கேட்கும்போதும் அதே சொல். திருவண்ணாமலையில் ரமணர் 'நான் யார்' என்று கேட்கச் சொன்னதும் விசாரணைதான். ஒரே சொல்லுக்குள் மிரட்டலும் அக்கறையும் தேடலும் குடியிருக்கின்றன. பில் ரைட்டுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் மிரட்டலாக இருந்த விசாரணையை எடுத்து, 'உனக்கு என்ன தெரியும், சொல், ஊரே கேட்கிறது' என்ற விசாரணையாக மாற்றிக் காட்டினார். சொல்லக் கூடாது என்று வாயைக் கட்டி உட்கார்ந்திருந்தவர், தெரிந்ததையெல்லாம் சொல்வதற்கு ஒரு நாற்காலி போட்டார். இதைவிட நல்ல பழிவாங்கல் எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி கேட்பவராக ஒரு ஐஸ்லாந்துக்காரர் வந்தார். மேக்னஸ் மேக்னசன். 1929இல் ரெய்க்யவிக்கில் பிறந்து, குழந்தையிலேயே ஸ்காட்லாந்துக்கு வந்து எடின்பரோவில் வளர்ந்தவர். பத்திரிகையாளர். ஐஸ்லாந்தின் பழங்காலச் சாகாக் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அறிஞர். வாழ்நாள் முழுவதும் பிரிட்டனில் இருந்தும் ஐஸ்லாந்துக் குடியுரிமையை விடாதவர். கேள்வி கேட்பவருக்கு எதிரே இருப்பவர்மேல் ஒரு மரியாதை இருக்க வேண்டும். அவரிடம் அது இருந்தது. ஆசிரியர் மாணவனைக் கேட்பது போல் அல்லாமல், ஒரு படிப்பாளி இன்னொரு படிப்பாளியைக் கேட்பது போலக் கேட்டார்.

முதல் ஒளிபரப்பு 1972 செப்டம்பர் 11. 'நெருங்கி வரும் ஆபத்து' என்று பொருள்படும் தலைப்பில் நீல் ரிச்சர்ட்சன் அமைத்த இசைதான் தொடக்க இசை. முரசு அதிர்வது போல் தொடங்கி மெல்ல மெல்ல இறுகும். இவ்வளவு கனமான நிகழ்ச்சியை யார் பார்ப்பார்கள் என்ற சந்தேகத்தில் இரவு வெகுநேரம் கழித்தே ஒளிபரப்பினார்கள். மறு ஆண்டு ஓர் எதிர்பாராத வாய்ப்பு வந்தது. லெஸ்லி பிலிப்ஸ் நடித்த ஒரு நகைச்சுவைத் தொடர் ஆபாசமாக இருக்கிறதென்று புகார்கள் குவிந்தன. அதைப் பின்னிரவுக்குத் தள்ளிவிட்டு, காலியான முன்னிரவு நேரத்தில் மாஸ்டர்மைண்டைக் கொண்டுவந்து போட்டார்கள். அவசரத்துக்குப் போட்டது நிலைத்துவிட்டது. விரைவிலேயே ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் அந்த நாற்காலியைப் பார்க்கத் தொடங்கினார்கள். சாதாரண ஜனங்களுக்குக் கனமானது பிடிக்காது என்று முடிவுகட்டி வைத்திருக்கும் எல்லா ஊர்த் தொலைக்காட்சிக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆட்ட முறை மிக எளிது. நான்கைந்து போட்டியாளர்கள் ஓரமாக அமர்ந்திருப்பார்கள். பெயர் அழைக்கப்பட்டவர் எழுந்து, எல்லாரும் பார்த்திருக்க, தனியாக நடந்து வந்து நாற்காலியில் உட்கார வேண்டும். அந்தச் சில அடி நடைதான் கொடுமை. முதல் சுற்றில் அவரே தேர்ந்தெடுத்த பாடத்தில் இரண்டு நிமிடம். இரண்டாவது சுற்றில் பொது அறிவு இரண்டு நிமிடம். நான்கு விடைகளைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது கிடையாது. நண்பருக்குத் தொலைபேசி கிடையாது. கேமரா மெல்ல மெல்ல முகத்தை நெருங்கிக்கொண்டே வரும். கடைசி விநாடிகளில் திரை முழுக்க அந்த முகம்தான்.

ஆட்டத்தின் நுட்பம் 'பாஸ்' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. தவறான விடை சொன்னால் மேக்னசன் உடனே சரியான விடையைச் சொல்லுவார். அதற்கு இரண்டு மூன்று விநாடி போய்விடும். தெரியாதபோது 'பாஸ்' என்று சொல்லிவிட்டால் நேரம் மிச்சம், அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். விடை கடைசியில் சொல்லப்படும். ஆனால் இருவர் சம மதிப்பெண் எடுத்துவிட்டால், குறைவாகப் 'பாஸ்' சொன்னவர் வென்றவர். அதனால் ஒவ்வொரு முறையும் அரை விநாடிக்குள் தீர்மானிக்க வேண்டும்: யூகித்துச் சொல்வதா, விட்டுவிடுவதா? தெரிந்த விடை நாக்கு நுனியில் நின்றுகொண்டு வெளியே வர மறுக்கும் நேரம் இருக்கிறதே, பரீட்சை எழுதிய யாருக்கும் அது தெரியும். அதிலும் மோசமானது, ஒரு 'பாஸ்' சொன்னதும் அடுத்த கேள்வியும் கைவிட்டுப் போய், அதற்கடுத்ததும் போய், சரிவில் உருளும் கல் போல் ஆகிவிடுவது. தெரியாததால் தோற்றவர்களைவிட, தெரியாத ஒன்றை மறக்க முடியாமல் தோற்றவர்களே அந்த நாற்காலியில் அதிகம் என்று எனக்குத் தோன்றும்.

கேள்வியின் நடுவில் மணி அடித்துவிட்டால் மேக்னசன் நிறுத்த மாட்டார். 'தொடங்கிவிட்டேன், முடித்துவிடுகிறேன்' என்று சொல்லிக் கேள்வியை முழுதாகக் கேட்பார். பதிலுக்கும் மதிப்பெண் உண்டு. இந்த வாக்கியம் நாட்டு வழக்கிலேயே கலந்துபோனது. பிற்காலத்தில் தன் நினைவுகளை எழுதியபோது அதையே புத்தகத்தின் தலைப்பாக வைத்தார். விசாரணை அறையிலிருந்து பிறந்த ஆட்டத்துக்குள் இருந்த நியாயம் இது. கேட்கத் தொடங்கிய கேள்விக்குப் பதில் சொல்லும் உரிமை உனக்கு உண்டு.

நாற்காலி ஊர் ஊராகப் போனது. நிகழ்ச்சியை ஒரே ஸ்டுடியோவில் முடக்காமல் பல்கலைக்கழகங்களுக்கும் தேவாலயங்களுக்கும் பெரிய மண்டபங்களுக்கும் கொண்டுபோய்ப் படம் பிடித்தார்கள். திருவிழாவில் சாமியைத் தெருவுக்குத் தெரு எடுத்துப் போவது போலத்தான். போன இடமெல்லாம் இருட்டும் வெளிச்சமும் கூடவே போயின.

யார் யார் உட்கார்ந்தார்கள்? முதல் ஆண்டு வென்றவர் நான்சி வில்கின்சன் என்ற பெண்மணி. அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் பெண்களே வென்றார்கள். 1977இல் வென்றவர் சர் டேவிட் ஹன்ட். அட்லி, சர்ச்சில் ஆகிய இரண்டு பிரதமர்களிடமும் தனிச் செயலராக இருந்து, பிறகு தூதராகப் பல நாடுகளில் பணியாற்றியவர். அப்படிப்பட்டவர் வெல்வதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. மூன்று ஆண்டு கழித்து, 1980இல், அதே நாற்காலியில் உட்கார்ந்து வென்றவர் ஃப்ரெட் ஹவுஸ்கோ. தொழில் என்ன என்று கேட்டபோது அவர் சொன்ன பதில்: டாக்சி ஓட்டுநர்.

நாடே திகைத்தது. கொஞ்சம் யோசித்திருந்தால் திகைத்திருக்க வேண்டாம். லண்டனில் கறுப்பு டாக்சி ஓட்ட உரிமம் வேண்டுமென்றால் 'நாலெட்ஜ்' என்ற தேர்வில் தேற வேண்டும். சாரிங் கிராஸ் என்ற இடத்தை மையமாக வைத்து ஆறு மைல் ஆரத்துக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்களும் மனப்பாடமாக இருக்க வேண்டும். மூன்று நான்கு ஆண்டு வெயிலிலும் மழையிலும் சுற்றிப் படிக்கிறார்கள். தேர்வும் வாய்மொழிதான். கோட்டு அணிந்து, அதிகாரிக்கு எதிரே ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு எப்படிப் போவாய் என்று அவர் கேட்பார். எந்தத் தெருவில் திரும்பி, எந்தப் பாலத்தில் ஏறி என்று வரைபடம் பார்க்காமல் ஒப்பிக்க வேண்டும். இப்படி எத்தனையோ முறை உட்கார்ந்து எழுந்தால்தான் பட்டயம் கிடைக்கும். ஆக, ஹவுஸ்கோ கறுப்பு நாற்காலிக்கு வருவதற்கு முன்பே அதைப் போன்ற ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பழகியவர். அவர் எடுத்துக்கொண்ட பாடங்களில் ஒன்று லண்டன் டவர் என்ற பழைய கோட்டை. எத்தனை பயணிகளை அந்தக் கோட்டை வாசலில் இறக்கிவிட்டிருப்பார்!

1983இல் வென்றவர் கிறிஸ்டோபர் ஹியூஸ். லண்டன் பாதாள ரயிலின் ஓட்டுநர். அவருடைய பாடங்களில் ஒன்று பிரிட்டனின் நீராவி எஞ்சின்கள். 1985இல் வென்றவர் மருத்துவமனை வாகன ஓட்டுநர். இதற்காகத்தான் இந்த நாற்காலியின்மேல் எனக்கு இவ்வளவு பிரியம். எந்தக் கல்லூரி என்று அது கேட்கவில்லை. தொழில் என்ன என்று கேட்டது, சொன்ன பதிலை மரியாதையோடு வாங்கிக்கொண்டது, பிறகு எல்லாரையும் ஒரே வேகத்தில் விசாரித்தது. நம் ஊர்களிலும் கோயில் கல்வெட்டைச் சரளமாகப் படிக்கும் தபால்காரரும், பழைய சினிமாப் பாட்டுக்கு ராகம், ஆண்டு, இசைத்தட்டு விவரம் முழுவதும் சொல்லும் தையற்காரரும் இருக்கிறார்கள். அவர்களை யாராவது உட்கார வைத்துக் கேட்டிருக்கிறோமா?

வென்றவருக்கு என்ன பரிசு? ஒரு கண்ணாடிக் கிண்ணம். ஸ்காட்லாந்தின் வடகோடியில் இருக்கும் கெய்த்னஸில் செய்து, டெனிஸ் மான் என்ற கைவினைக் கலைஞர் செதுக்கிக் கொடுத்தது. பணம் ஒரு காசு கிடையாது.

பணம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா ஏற்கெனவே பாடம் சொல்லியிருந்தது. 1950களில் அங்கே 'ட்வென்டி ஒன்' என்ற பணப் போட்டி நிகழ்ச்சி பெரும் புகழ் பெற்றது. சார்லஸ் வான் டோரன் என்ற இளம் கல்லூரி ஆசிரியர் அதில் 1,29,000 டாலர் வென்று நாட்டின் செல்லப்பிள்ளை ஆனார். விடைகளை முன்கூட்டியே தயாரிப்பாளர்கள் கொடுத்துவிட்டார்கள் என்பதை 1959இல் நாடாளுமன்றக் குழுவின் முன் அவரே ஒப்புக்கொண்டார். யோசிப்பது போல நெற்றியைச் சுருக்கியதும், வியர்வையைத் துடைத்ததும் நடிப்பு. கறுப்பு நாற்காலியில் வழிந்த வியர்வை அத்தனையும் உண்மை. வெல்வதற்குக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றுதான் இருக்கும்போது யார் எதற்கு நடிக்கப் போகிறார்கள்?

நாற்காலியின் வாரிசு இந்தியாவுக்கும் வந்தது. 1998இல் பிபிசி வேர்ல்டில் 'மாஸ்டர்மைண்ட் இந்தியா' தொடங்கியது. கேள்வி கேட்டவர் சித்தார்த்த பாசு. அதே இருட்டு, அதே கறுப்பு நாற்காலி. கேபிள் வந்த வீடுகளில் பிள்ளைகளோடு பெற்றோரும் உட்கார்ந்து, திரையில் இருப்பவர் திணறும்போது இங்கிருந்து விடை கத்திய காலம் அது. அதே சித்தார்த்த பாசுதான் 2000இல் அமிதாப் பச்சனை வைத்து 'கோன் பனேகா குரோர்பதி'யைத் தயாரித்தார். அதன் தமிழ் உறவாக 2012இல் விஜய் டிவியில் சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' வந்தது. அந்த மேடையிலும் ஒரு நாற்காலி நடுவில் இருந்தது, 'ஹாட் சீட்' என்று பெயர். நான்கு விடைகளும் உதவிக்கு ஆளும் உண்டு. நடத்துபவர் குடும்பக் கதை கேட்பார், கண் கலங்குவார். கடனில் மூழ்கிய ஒரு குடும்பம் அதனால் கரையேறினால் அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் ஏழ்மையைத்தான் நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அவருடைய அறிவை அல்ல என்ற உறுத்தல் எனக்கு எப்போதும் உண்டு. இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்து வென்ற ஓர் ஆசிரியர் இருக்கிறார், டேவிட் எட்வர்ட்ஸ். 1990இல் கண்ணாடிக் கிண்ணம் வாங்கினார். 2001இல் இதே வகைப் பணப் போட்டியான பிரிட்டனின் மில்லியனர் நிகழ்ச்சியில் பத்து லட்சம் பவுண்டு வாங்கினார்.

கறுப்பு நாற்காலி தாங்கிய மிகப் பெரிய சாதனை 1995இல் நடந்தது. கெவின் ஆஷ்மன் என்பவர் மார்ட்டின் லூதர் கிங்கையும் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தையும் பாடமாக எடுத்துக்கொண்டு, இரண்டு சுற்றும் சேர்த்து 41 மதிப்பெண் எடுத்தார். நான்கு நிமிடத்தில் 41 சரியான விடைகள். கேள்வியைக் கேட்டு முடிக்கும் நேரமும் சேர்த்து, ஒன்றுக்கு ஆறு விநாடிகூட இல்லை. இதைப் படிக்கும்போதே ஒரு வாக்கியத்துக்கு நமக்கு அவ்வளவு நேரம் ஆகிறது.

1997இல் இந்தப் பயணத்தை நிறுத்திக்கொள்ள முடிவெடுத்தார்கள். கடைசி இறுதிப் போட்டிக்கு நாற்காலியைக் கடல் கடந்து ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். கிர்க்வால் என்ற ஊரில், 1137இல் கட்டத் தொடங்கிய செந்நிறக் கல் தேவாலயம். ஆர்க்னி ஒரு காலத்தில் நார்வே நாட்டவர் ஆண்ட பூமி. அந்தத் தேவாலயம் யார் பெயரால் எழுப்பப்பட்டதோ அந்தப் புனிதரின் கதையை ஐஸ்லாந்துச் சாகாக்கள் சொல்கின்றன. அவர் பெயர் புனித மேக்னஸ். அதே பெயரைத் தாங்கி, அந்தச் சாகாக்களின் மொழியில் பிறந்து, அவற்றை மொழிபெயர்த்த மனிதர் அந்தத் தூண்களின் நடுவே இருந்து கடைசிக் கேள்விகளைக் கேட்டார். ஆன் ஆஷர்ஸ்ட் வென்றார்.

நிகழ்ச்சி அதோடு சாகவில்லை. சில ஆண்டு வானொலியில் ஒலித்தது, பிறகு டிஸ்கவரி சேனலுக்குப் போனது. 2003இல் பிபிசிக்கே திரும்பி ஜான் ஹம்ஃப்ரீஸ் கையில் நெடுங்காலம் இருந்தது. 2021 முதல் கிளைவ் மைரி கேட்கிறார். பெல்ஃபாஸ்டில் படமாகிறது. இன்றும் இருட்டில் ஒரு கறுப்பு நாற்காலி இருக்கிறது. ஆனால் ஹன்ட்டும் ஹவுஸ்கோவும் ஹியூஸும் உட்கார்ந்த நாற்காலி அது அல்ல.

பழைய நாற்காலியை 1997இல் மேக்னசனுக்கே பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். இருபத்தைந்து ஆண்டு எதிரே இருந்து கேள்வி கேட்டவர் அதை வீட்டுக்கு எடுத்துப் போனார். 2007 ஜனவரி 7 அன்று அவர் காலமானார். நாற்காலி அவருடைய மகள் சாலி மேக்னசனிடம் போய்ச் சேர்ந்தது.